பெங்களூரில் சொந்தத் தொழில்: அரசு, தனியார் உதவிகள் பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பீன்யாவில் லேத் போட்டிருப்பவர், அல்சூரில் இட்லி மாவு அரைத்து விற்பவர், கோரமங்களாவில் நண்பர்களோடு உட்கார்ந்து ஆப் எழுதுபவர், மூன்று பேரும் கேட்பது ஒன்றுதான்: "கவர்மெண்ட்ல ஏதோ பணம் தராங்களாமே, எப்படி வாங்குறது?" பதில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம். பணம் அரசுடையதாக இருந்தாலும், அதை உங்களுக்குத் தரலாமா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் வேறு ஒருவர். வங்கி மேலாளராக இருக்கலாம், புதுத் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் இன்குபேட்டர் மையத்தின் தேர்வுக் குழுவாக இருக்கலாம். அவர் யார், எதைப் பார்ப்பார் என்று தெரிந்துகொண்டு போகிறவர்களுக்குத்தான் காரியம் நடக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

அரசு–தனியார் கூட்டு என்கிறார்களே, அதில் தனியார் எங்கே வருகிறார்கள்?

மூன்று இடத்தில் வருகிறார்கள். முதலாவது, நிர்வாகத்தில். கர்நாடக டிஜிட்டல் எகானமி மிஷன் என்ற அமைப்பில் தொழில்துறைச் சங்கங்களுக்கு 51 சதவீதம், மாநில அரசுக்கு 49 சதவீதம். அதாவது கை ஓங்கியிருப்பது தொழில் செய்கிறவர்கள் பக்கம். இரண்டாவது, பணத்தில். அரசு ஆதரவு பெற்ற இன்குபேட்டருக்குக் கம்பெனிகள் கொடுக்கும் தொகையை சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) செலவாகக் காட்டச் சட்டம் அனுமதிக்கிறது, அதனால்தான் பல பயிற்சித் திட்டங்களின் பேனரில் ஒரு பெரிய கம்பெனியின் பெயரைப் பார்க்கிறீர்கள். மூன்றாவது, தேர்வில். யாருடைய யோசனை தேறும் என்று பார்க்கத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களை நடுவர்களாக உட்கார வைக்கிறார்கள்.

இது ஒன்றும் புதிதில்லை. 1982-இலேயே தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து உஜிரேயில் ருட்செட்டி என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. இன்று நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் சுயதொழில் பயிற்சி நிலையங்களுக்கு அதுதான் முன்மாதிரி. நெலமங்கலா பக்கம் அரிசினகுண்டேயில் ஒரு ருட்செட்டி இருக்கிறது. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். இவ்வளவு நல்ல விஷயம் ஊர் ஓரத்தில் இருந்தும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான் செய்வது ஸ்டார்ட்அப்பா, சிறுதொழிலா? பெயரில் என்ன இருக்கிறது?

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டுக்கும் போக வேண்டிய வழி வேறு. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, எல்.எல்.பி. (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் என்று ஒரு அமைப்பு வேண்டும், செய்வதில் ஏதோ ஒரு புதுமை இருக்க வேண்டும், அல்லது பெரிதாக வளரக்கூடிய தொழிலாக இருக்க வேண்டும். ஒரே ஆள் தன் பெயரில் நடத்தும் கடைக்கு அது கிடையாது. அதே கடைக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவு உண்டு, முத்ரா என்ற சிறுகடன் உண்டு, புதிதாகத் தொடங்கினால் பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய சுயதொழில் திட்டத்தின் மானியம் உண்டு.

மசாலாப் பொடி நன்றாக விற்கிறது என்பதற்காக யாரோ சொன்னதைக் கேட்டுப் பிரைவேட் லிமிடெட் தொடங்கி, வருடா வருடம் ஆடிட்டருக்கும் ஆர்.ஓ.சி. (கம்பெனிப் பதிவாளர்) தாக்கலுக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வெளி முதலீடு வாங்கும் எண்ணம் இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

உத்யம் பதிவுக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு பைசா ஆகாது. 2020 ஜூலை 1 முதல் இந்தப் பதிவு முழுக்க இணையத்தில்தான், ஆதாரும் பான் எண்ணும் போதும், ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் உள்ளவர்களுக்கு அந்த எண்ணும். தேடினால் முதலில் வரும் சில தளங்கள் அசோகச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு காசு கேட்கும். முகவரி gov.in என்பதில் முடியவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

அளவு வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் கூடியிருக்கிறது. இயந்திர முதலீடு 2.5 கோடி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில். நம்மில் பெரும்பாலோர் முதல் வகைதான்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். கர்நாடக அரசின் உதவி நமக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். எந்தத் திட்டமும் தாய்மொழி கேட்பதில்லை, தொழில் இங்கே பதிவாகி இங்கே நடக்கிறதா என்றுதான் கேட்கும். இங்கத்து முகவரியில் ஆதார், வாடகை ஒப்பந்தம், டிரேட் லைசன்ஸ், மின் கட்டண ரசீது, இவை ஒரே முகவரியைச் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள வீட்டு முகவரியிலேயே ஆதாரை விட்டு வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

சிக்கல் வருவது சாதிச் சான்றிதழில். தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழை வைத்துக் கர்நாடக மாநிலத்தின் தனி ஒதுக்கீட்டுத் திட்டங்களில் சேர முடியாது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் குடிபெயர்ந்து போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம் என்றால் கதை வேறு. ஆதிதிராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. தாத்தா காலத்துப் பள்ளிச் சான்றிதழ், கே.ஜி.எஃப். சுரங்க வேலைக் காகிதம், பழைய ரேஷன் கார்டு என்று எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு 'நாட கச்சேரி' என்ற வருவாய்த் துறை அலுவலகத்துக்குப் போய் இங்கத்துச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அலைச்சல்தான், ஆனால் அந்த ஒரு காகிதம் பிள்ளைகள் வரைக்கும் உதவும்.

அப்புறம், கொஞ்சம் கன்னடம். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பது 2024 முதல் சட்டம். அலுவலகத்தில் நாலு வார்த்தை கன்னடத்தில் பேசினால் வேலை இலகுவாக நடக்கும். இத்தனை வருடம் வாழும் ஊர், அந்த மரியாதையை நாம் கொடுக்கத்தான் வேண்டும்.

எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் தருவது உண்மையா?

50 லட்சம் 'வரை' தருவது உண்மை. ஸ்டார்ட்அப்களுக்காக 2017-இல் தொடங்கிய திட்டம், மாநிலத்தின் ஐ.டி., பி.டி. (தகவல் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம்) துறையின் கீழ் நடக்கிறது. இது கடன் இல்லை, கம்பெனியில் பங்கும் கேட்பதில்லை, ஒரு யோசனையைச் செய்து காட்டும் நிலைக்குக் கொண்டுவரத் தரும் மானியம். கம்பெனி கர்நாடகத்தில் பதிவாகி, மாநில ஸ்டார்ட்அப் பிரிவிலும் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் தவணை தவணையாகத்தான் வரும், முதல் தவணையை எதற்குச் செலவழித்தீர்கள் என்று கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. அதனால் சம்பளத்துக்கு இந்தப் பணத்தை நம்பி ஆள் எடுக்காதீர்கள்.

நடுவர்கள் பார்ப்பது ஒரு தொழில்நுட்பம் புதிதா, இந்தக் குழுவால் செய்ய முடியுமா என்பதைத்தான். நம் பையன்கள் பலர் புரோகிராம் பிரமாதமாக எழுதுவார்கள், வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் திணறுவார்கள். மேடைக்குப் போகும் முன் உங்கள் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களோடு பேசிவிட்டுப் போங்கள், அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். எவ்வளவு அழகான ஸ்லைடும் அதற்கு ஈடாகாது.

2025 நவம்பரில் மாநில அமைச்சரவை 2025–30க்கான புதிய ஸ்டார்ட்அப் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. 518 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 25,000 ஸ்டார்ட்அப்கள் இலக்கு, அதில் 10,000 பெங்களூருக்கு வெளியே. கோலார், மைசூர் பக்கம் சொந்த இடம் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், இங்கத்து வாடகையும் மிச்சம்.

இன்குபேட்டரில் சேர்ந்தால் இடம் மட்டும்தானா?

இடம் ஒரு சின்ன விஷயம். பெரிய விஷயம் ஆய்வுக்கூடமும் ஆட்களும். ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 2009 முதல் இயங்கும் சி-கேம்ப் என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் இருக்கும் கருவிகளைச் சொந்தமாக வாங்க நினைத்தால் கோடிகள் ஆகும், அங்கே கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். மருத்துவக் கருவி, பரிசோதனைக் கிட் மாதிரி ஏதாவது செய்கிறவர்கள் பைராக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பிக் மானியத்துக்கு விண்ணப்பிப்பதும் இப்படிப்பட்ட கூட்டாளி மையங்கள் வழியாகத்தான். 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை கிடைக்கும். ஐ.ஐ.எம். பெங்களூரின் என்.எஸ்.ஆர்.சி.இ.எல். என்ற இன்குபேட்டர் 2000-இல் தொடங்கியது, பெண் தொழில்முனைவோருக்கென்றே தனித் திட்டம் நடத்துகிறது, அதற்கு ஐ.ஐ.எம்.மில் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

சேரும் முன் ஒப்பந்தத்தில் அவர்களுக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று படியுங்கள். தனியார் ஆக்சிலரேட்டர் (பங்கு வாங்கிக்கொண்டு சில மாதம் பயிற்சி தருபவர்) என்றால் இன்னும் நிதானமாகப் படியுங்கள்.

மாவு, மசாலா, முறுக்கு யூனிட் போடணும். எந்த மானியம் நல்லது?

இரண்டு இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பி.எம்.இ.ஜி.பி. புதிய யூனிட்டுக்கு மட்டும். உற்பத்தி என்றால் 50 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. நகரத்தில் பொதுப் பிரிவு ஆண்களுக்கு 15 சதவீத மானியம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் 25. கிராமப்பகுதி என்றால் 25-ம் 35-ம். ஆனேக்கல் பக்கம் ஒரு பஞ்சாயத்தில் போடுவதற்கும் ஸ்ரீராம்புரத்தில் போடுவதற்கும் 10 சதவீத வித்தியாசம் வருகிறது பாருங்கள். ஒரு அக்கா நகருக்குள் 10 லட்சத்துக்கு யூனிட் போடுகிறார் என்றால் கையில் இருந்து 50,000 போட வேண்டும், மீதி வங்கிக் கடன், அதில் 2.5 லட்சம் மானியம். அந்த 2.5 லட்சம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, யூனிட் நடக்கிறது என்று உறுதியான பிறகு கடனில் கழியும். இது தெரியாமல் "மானியம் வந்ததும் தரேன்" என்று வெளியே கைமாற்று வாங்காதீர்கள்.

பி.எம்.எஃப்.எம்.இ. உணவுப் பதப்படுத்தலுக்கு மட்டும், ஏற்கெனவே நடக்கும் யூனிட்டுக்கும் உண்டு. மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். கர்நாடகம் தன் பங்காக இன்னும் 15 சதவீதம் சேர்த்து மொத்தம் 50 சதவீதம், 15 லட்சம் வரை தருகிறது. உங்கள் தொழில் சாப்பாட்டுப் பொருள் என்றால் என் யோசனை இதுதான். வேறு அரசு மானியம் வாங்கிய யூனிட்டுக்குப் பி.எம்.இ.ஜி.பி. கிடையாது, அதனால் இரண்டிலும் காலை வைக்க முடியாது.

மாவட்டத் தொழில் மையத்தில் ஓகே ஆகிவிட்டது, பேங்கில் முடியாது என்கிறார்கள். ஏன்?

முடிவு எடுப்பவர் வேறு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதுதான் இது. மானிய விண்ணப்பத்தைத் தொழில் மையம் பரிந்துரைதான் செய்யும். கடன் வங்கியுடையது, வராக்கடன் ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கிளை மேலாளர். அவர் பார்ப்பது உங்கள் சிபில் (பழைய கடனைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்), உங்கள் கணக்கில் பணம் வந்து போன ஒழுங்கு, இந்தத் தொழிலில் உங்களுக்குக் கை பழக்கம் இருக்கிறதா என்பது. ஜெராக்ஸ் கடையில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் திட்ட அறிக்கையை அவர் நூறு தடவை பார்த்திருப்பார். உங்கள் கைப்பட எழுதிய கணக்கு, இயந்திரத்தின் கொட்டேஷன், "இவ்வளவு எடுத்துக்கிறேன்" என்று இரண்டு கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம், இதைக் கொண்டு போங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே, நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளையில் போய்ப் பேசிவிடுவது இன்னும் நல்லது.

அடமானம் கேட்டால்: குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை (2026 ஏப்ரல் முதல் 20 லட்சம் வரை) அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேலும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற கடன் உத்தரவாத நிதியின் உத்தரவாதத்தில் தரலாம், 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. ஆனால் அந்த உத்தரவாதம் வங்கியைக் காப்பாற்றத்தான், உங்கள் கடன் தள்ளுபடி ஆகாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சத்தம் போடாமல் கேட்டாலே பல சமயம் பேச்சு மாறும்.

தள்ளுவண்டிக்கு ஏதாவது?

பி.எம். ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம். முதலில் 15,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 25,000, அப்புறம் 50,000. 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். வியாபாரிச் சான்றிதழ் அல்லது மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது, உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

பெண்களுக்கு மட்டும் என்ன இருக்கிறது?

மாநிலத்தின் உத்யோகினி: வங்கிக் கடன் 3 லட்சம் வரை, அதில் எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 30 சதவீதம் மானியம். குடும்ப வருமான வரம்பு உண்டு. பணத்தை விட ஆள் துணை வேண்டும் என்பவர்கள் அவேக் சங்கத்துக்குப் போங்கள், 1983 முதல் பெண் தொழில்முனைவோர் தாங்களே நடத்தும் சங்கம், ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிறது. விலை போடுவது, வசூல் செய்வது, வீட்டில் சம்மதிக்க வைப்பது வரை எல்லாவற்றையும் கடந்து வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒன்று மட்டும் மனதோடு சொல்கிறேன்: உங்கள் பெயரில் மானியம் வாங்கி வீட்டு ஆண்கள் தொழில் நடத்துவது என்றால், கடனும் கையெழுத்தும் உங்களுடையது என்பதை மறக்காதீர்கள்.

யு.பி.ஐ. எடுத்தால் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வரும் என்று பயமாக இருக்கிறதே?

2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவைப் பார்த்துச் சின்னச் சின்ன பேக்கரி, காய்கறிக் கடைகளுக்கெல்லாம் வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியது, பல கடைகள் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டன. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ரொக்கத்துக்கே திரும்பிப் போனால் நாளைக்கு வங்கியில் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. பால், காய்கறி மாதிரி வரி இல்லாத பொருள் மட்டுமே விற்றால் பதிவே வேண்டாம், கொள்முதல் பில்லை மட்டும் எடுத்து வையுங்கள். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் வருவதுதான் பாதிப் பிரச்சினை. இன்றைக்கே தனி நடப்புக் கணக்கு திறங்கள்.

பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை.

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் எந்த ஷெட்டுக்குப் போனாலும் இதுதான் பேச்சு. புதுக் கடன் வாங்குவதற்கு முன், வர வேண்டிய பணத்தை வரவழைக்கும் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், என்னைக் கேட்டால் எல்லா மானியத்தையும் விடச் சிறுதொழிலுக்கு இதுதான் பெரிய உதவி.

2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று போட்டிருந்தாலும் 45தான் செல்லும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் பதிந்தால் அது மாநிலத்தின் வசதிக் கவுன்சிலுக்குப் போகும். அங்கே தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, வாங்கியவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமென்றால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும்.

இதற்கு மேல், 2023–24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்திருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கிய கம்பெனி தன் செலவாக அந்த ஆண்டில் காட்ட முடியாது, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் காட்டலாம். அதனால் மார்ச் நெருங்கும்போது அவர்கள் கணக்குப் பிரிவே உங்களைக் கூப்பிடும். இதற்கெல்லாம் உங்களிடம் உத்யம் எண் இருக்க வேண்டும், அது பில்லில் அச்சாகியிருக்க வேண்டும். பில் போடுவதற்கு முன்பே பதிவு இருந்தால் வாதமே வராது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகலாம். அந்தப் பயம் உள்ளவர்கள் ட்ரெட்ஸ் என்ற பில் தள்ளுபடி இணையதளங்கள் பக்கம் பாருங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தாக வேண்டும். அவர்கள் உங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி செய்து உங்களுக்கு உடனே பணம் தரும், கெடு நாளில் கம்பெனி வங்கிக்குக் கட்டும். சண்டை இல்லை. தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கம் வழியாகக் கேளுங்கள். விஜயநகரில் இருக்கும் காசியா 1949 முதல் சிறுதொழிலுக்காகப் பேசும் சங்கம், பீன்யாவுக்கென்று தனிச் சங்கமும் உண்டு. சந்தா கொஞ்சம்தான், கட்டுங்கள்.

ஓசூரில் பதிவு செய்துவிட்டு இங்கே வேலை செய்தால் தமிழ்நாட்டு மானியமும் கிடைக்குமா?

யூனிட் உண்மையிலேயே ஓசூரில் இருந்தால் தாராளமாக. தமிழ்நாடு அரசின் நீட்ஸ் தொழில்முனைவோர் திட்டத்தில் 25 சதவீதம், 75 லட்சம் வரை மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, ஆனால் மூன்று வருடம் தமிழ்நாட்டில் வசித்திருக்க வேண்டும். டான்சீட் என்ற ஸ்டார்ட்அப் நிதி வேண்டுமென்றால் கம்பெனி அங்கே பதிவாகியிருக்க வேண்டும். முகவரி அங்கே, இயந்திரம் இங்கே என்றால் ஆய்வுக்கு வரும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள், மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

10 சதவீதம் கமிஷன் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிறாரே ஒருவர்?

கொடுக்காதீர்கள். முத்ராவுக்கோ உத்யமுக்கோ பி.எம்.இ.ஜி.பி.க்கோ ஏஜென்ட் என்று யாரையும் அரசு வைக்கவில்லை. படிவம் நிரப்ப உதவியவருக்குக் கூலி கொடுப்பது வேறு, மானியத்தில் பங்கு கொடுப்பது வேறு. "முத்ரா லோன் பாஸ் ஆகிவிட்டது, ப்ராசஸிங் ஃபீ அனுப்புங்கள்" என்று வாட்ஸப்பில் வந்தால் அது மோசடி, 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே அழையுங்கள். ஓ.டி.பி.யும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையும் யாருக்கும் கிடையாது, சொந்தக்காரராக இருந்தாலும்.

தொழில் படுத்துவிட்டது, தவணை கட்ட முடியவில்லை. என்ன செய்வது?

ஒளிந்துகொள்ளாதீர்கள், அதுதான் முதல் வேலை. 90 நாள் தாண்டினால் வராக்கடன் என்று முத்திரை விழும், அதற்குப் பிறகு பேச இடம் குறைவு. 2015-இல் அரசு கொண்டுவந்த மறுவாழ்வு விதிகளின்படி, 25 கோடி வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் தாங்களாகவே வங்கியின் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தவணையை மாற்றி அமைப்பது, கெடுவை நீட்டிப்பது, தேவைப்பட்டால் கூடுதல் கடன் என்று அந்தக் குழு வழி பார்க்க வேண்டும். ஆர்டர் ஏன் குறைந்தது, வர வேண்டிய பணம் யாரிடம் எவ்வளவு நிற்கிறது, இனி மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதை முதல் தவணை தவறும் மாதத்திலேயே செய்துவிடுங்கள்.